டியூப் எடுத்த மூன்றாம் நாள்

குழந்தைகள் ஐ.சி.யு.வில் புதிதாகச் சேரும் சிஸ்டர்களும் பி.ஜி. டாக்டர்களும் முதல் மாதத்திலேயே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள். "அக்கா, வென்டிலேட்டர்ல இருக்கிற குழந்தைக்கு மிடாஸ் நல்லதா, டெக்ஸ் நல்லதா?" மிடாஸ் என்றால் மிடசோலாம், டெக்ஸ் என்றால் டெக்ஸ்மெடெடோமிடின், இரண்டும் தூக்க மருந்துகள். சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியின் குழந்தைகள் ஐ.சி.யு.வில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து, இப்போது இன்சார்ஜாக இருக்கிறேன். என் பதில் பல வருடமாக ஒன்றுதான். ராத்திரி எது சீக்கிரம் தூங்க வைக்கிறது என்று பார்த்து மருந்துக்கு மார்க் போட வேண்டாம். மூச்சுக்குழாயில் போட்ட வென்டிலேட்டர் டியூபை எடுத்த மூன்றாம் நாள் அந்தக் குழந்தையைப் போய்ப் பாருங்கள். அம்மாவை அடையாளம் தெரிகிறதா? ஊட்டினால் சாப்பிடுகிறதா? கை நடுங்குகிறதா? ராத்திரி தூங்குகிறதா?

ஐ.சி.யு.வில் மட்டும் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்த மூன்றாம் நாள் கண்ணில் படாது. அதற்குள் குழந்தை வார்டுக்குப் போயிருக்கும், அந்தப் பெட்டில் அடுத்த கேஸ் வந்திருக்கும். நான் நடுவில் சில வருடம் ஐ.சி.யு.விலிருந்து இறக்கும் குழந்தைகளைப் பார்க்கும் வார்டில் இருந்தேன். மருந்துகளை ஒப்பிடுவது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த வார்டுதான். நர்ஸுகளுக்காகவும், குழந்தையை உள்ளே விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்காகவும் இதை எழுதுகிறேன். இதில் வரும் அளவுகள் விஷயம் புரிவதற்காக மட்டும். எந்தக் குழந்தைக்கு எவ்வளவு என்பதை அந்தக் குழந்தையைப் பார்க்கிற டாக்டர்தான் முடிவு செய்வார்.

மருந்துக்குப் போவதற்கு முன்னால் ஒன்று. குழந்தை வென்டிலேட்டரோடு மல்லுக்கு நிற்கிறது, அலாரம் அடிக்கிறது என்றவுடன் கை தானாக போலஸ் பட்டனுக்கு, அதாவது ஒரே தடவையாகக் கூடுதல் மருந்து தள்ளும் பட்டனுக்கு, போகும். அதற்கு முன் டியூபைப் பாருங்கள். டியூப் நகர்ந்திருக்கிறதா, சளி அடைத்திருக்கிறதா, நெஞ்சுக்குள் காற்று கசிந்திருக்கிறதா, மெஷினில் கோளாறா? இந்த நாலையும் பார்க்காமல் கொடுக்கிற தூக்க மருந்து, மூச்சுத் திணறுகிற குழந்தையின் வாயை மூடுகிற மருந்து. அந்த நாலும் சரி என்றால் அப்புறம் சின்ன விஷயங்களுக்கு வாருங்கள். டயப்பர் நனைந்திருக்கிறதா, பசியா, ஐ.வி. போட்ட கை வீங்கியிருக்கிறதா, வென்டிலேட்டர் செட்டிங் குழந்தையின் மூச்சோடு ஒத்துப்போகிறதா? நாலு வயதுப் பையன் ஒருவன் ஒரு ராத்திரி முழுக்க உருண்டுகொண்டிருந்தான். மூன்று தடவை போலஸ் போயிருந்தது. யூரின் கதீட்டர் மடங்கி, வயிறு கல்லாக இருந்தது. மடிப்பை நேராக்கியதும் பை நிறைந்தது, பையன் தூங்கிவிட்டான். ஃபென்டனில், மார்ஃபின் வகை வலி மருந்துகளே சிறுநீரைத் தேக்கும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

அடுத்தது வலி. தொண்டையில் டியூப், நிமிடத்துக்கு நிமிடம் இல்லாவிட்டாலும் மணிக்கு மணி சளியை உறிஞ்சும் சக்‌ஷன், ஊசி, உடம்பில் தேங்கியதை வடிக்கும் டிரெயின் குழாய். இதெல்லாம் வலிக்கும். மிடசோலாம் வலியைக் குறைக்காது. குழந்தை அசையாமல் இருக்கும், வலி அப்படியே இருக்கும். அதனால் முதலில் வலி மருந்து, அது போதாவிட்டால் தூக்க மருந்து என்பதுதான் இன்று எல்லா நல்ல யூனிட்டிலும் வரிசை. பாராசிட்டமாலைக் கூட மறக்கக் கூடாது. மணிக்கணக்குப்படி அதைக் கொடுத்து வந்தாலே ஃபென்டனில் தேவை குறைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சரி, மருந்துகளுக்கு வருகிறேன்.

மிடசோலாம்தான் நம் ஊர் ஐ.சி.யு.க்களில் பழைய ஆள். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், எல்லோர் கைக்கும் பழக்கம். நடந்ததை மறக்க வைக்கும். வலிப்பையும் அடக்கும், அதனால் வலிப்பு நிற்காமல் வந்து டியூப் போட்ட குழந்தைக்கு அது இன்றும் சரியான மருந்து. முதல் டோஸ் சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் போய்விடும். அதை வைத்துத்தான் "குறுகிய நேர மருந்து" என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக மருந்து செலுத்தும் பம்பில் நாள்கணக்கில் ஓடும்போது கதை வேறு. கல்லீரலில் உடைந்து, உடைந்த பொருளும் தூக்கம் கொடுக்கும் சக்தியோடு இருந்து, சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். கல்லீரலோ சிறுநீரகமோ சோர்ந்திருந்தால் பம்பை நிறுத்திய பிறகும் குழந்தை கண் திறக்காது.

சென்னையில் இது புத்தக விஷயம் இல்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையோடு டெங்கு வரும்போது, வென்டிலேட்டருக்கு வரும் குழந்தைகளில் பலருக்குக் கல்லீரல் அடி வாங்கியிருக்கும், சிலருக்கு யூரின் குறைந்திருக்கும். அந்தக் குழந்தைக்கு, சாதாரண நிமோனியா குழந்தைக்கு ஓடுகிற அதே மிடசோலாம் அளவு ஓடிக்கொண்டிருந்தால், நாலாம் நாள் "ஏன் இன்னும் முழிக்கவில்லை, மூளையில் ரத்தக்கசிவா?" என்ற பயம் வரும், சி.டி. ஸ்கேன் வரைக்கும் போகும். ரவுண்ட்ஸில் லிவர் ரிப்போர்ட்டும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் படிக்கும்போதே, பம்பில் ஓடும் தூக்க மருந்தையும் சேர்த்து வாய்விட்டுப் படியுங்கள் என்று எங்கள் யூனிட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

மிடசோலாமின் இன்னொரு பிரச்சினை உடம்பு அதற்குப் பழகிப்போவது. முதல் நாள் போதுமானதாக இருந்த அளவு ஐந்தாம் நாள் போதாது. கூட்டுவோம், மறுபடி கூட்டுவோம். கூட்டிய ஒவ்வொன்றையும் ஒருநாள் குறைத்தாக வேண்டும். அது மட்டுமில்லாமல், ஐ.சி.யு. மனக்குழப்பத்துக்கு, அதாவது டெலிரியத்துக்கு, இந்த மருந்துக் குடும்பம் ஒரு முக்கியக் காரணம் என்று பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அமெரிக்காவின் தீவிர சிகிச்சை மருத்துவச் சங்கம் குழந்தைகளுக்காக 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதனால்தான் மிடசோலாம் வகையை முடிந்தவரை குறைக்கச் சொல்கிறது.

ஃபென்டனிலும் மார்ஃபினும் வலிக்கு. ஃபென்டனில் ரத்த அழுத்தத்தை அதிகம் தொந்தரவு செய்யாது, ஆனால் உடம்பு வேகமாகப் பழகிவிடும். வேகமாகத் தள்ளினால் நெஞ்சுக்கூடு இறுகிக் காற்றே உள்ளே போகாத நிலை வரலாம், குறிப்பாகச் சின்னக் குழந்தைகளுக்கு. அதனால் போலஸ் எப்போதும் மெதுவாக. மார்ஃபின் நீண்ட நேரம் நிற்கும், அரிப்பும் ரத்த அழுத்த இறக்கமும் தரலாம், சிறுநீரகம் வேலை செய்யாத குழந்தைக்கு உடம்பில் தேங்கும். இரண்டுமே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. டபுள் லாக் அலமாரி, ரெஜிஸ்டர், காலி ஆம்பியூலின் கணக்கு. சாவி யாரிடம் என்று தேடுகிற நேரத்தில் குழந்தைக்கு வலி காத்திருக்காது. ஷிப்ட் மாறும்போது அன்றைய ராத்திரிக்கு ஸ்டாக் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி ஒப்படைப்பதையும் நோயாளியை ஒப்படைப்பது போலவே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக் தீர்ந்ததால் வலி மருந்து நின்று, அந்த இடத்தை மிடசோலாம் பிடித்துக்கொள்வது பல இடங்களில் நடக்கிற விஷயம்.

டெக்ஸ்மெடெடோமிடினை எல்லோரும் டெக்ஸ் என்றுதான் சொல்கிறோம். இதன் தூக்கம் வேறு மாதிரி. மூளைத்தண்டில் விழிப்பைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்னப் பகுதியை அமைதிப்படுத்துகிறது, அதனால் இயற்கைத் தூக்கத்துக்குக் கிட்ட வருகிறது. பெயர் சொல்லித் தோளைத் தொட்டால் குழந்தை கண் திறக்கும், விட்டால் மறுபடி தூங்கிவிடும். மூச்சை அதிகம் அடக்காது. டியூப் எடுக்கப் போகும் நேரத்திலும், எடுத்த பின் மாஸ்க் வைத்து மூச்சு கொடுக்கும்போதும் அதை ஓடவிடலாம். 2022 வழிகாட்டுதல் வென்டிலேட்டரில் இருக்கும் குழந்தைகளுக்கு இந்தக் குடும்பத்தை முதல் தேர்வாக வைக்கலாம் என்று பரிந்துரைக்கிறது. அதற்கான சான்று பலமானது இல்லை என்பதையும் அதே ஆவணம் வெளிப்படையாகச் சொல்கிறது.

அந்தக் கடைசி வரி முக்கியம். ஏனென்றால் டெக்ஸ் வந்த புதிதில் அதை எல்லாவற்றுக்கும் தீர்வாகப் பேசினார்கள். டெல்லி எய்ம்ஸில் மிடசோலாமையும் டெக்ஸையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021-இல் வெளிவந்தது. சின்ன ஆய்வு, ஐம்பது குழந்தைகளுக்கு உட்பட்டது. தேவையான அளவு தூக்கத்தில் குழந்தை இருக்கும் நேரத்தில், மிடசோலாமுக்கு டெக்ஸ் சளைத்ததில்லை என்று அதில் நிரூபிக்க முடியவில்லை. டெக்ஸ் வாங்கிய சில குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு குறைந்து, குறைவாகவே இருந்தது. எங்கள் பெட்டிலும் இதைத்தான் பார்க்கிறோம். ஆழமாகத் தூங்க வைக்க வேண்டிய குழந்தைக்கு டெக்ஸ் மட்டும் போதாது. நுரையீரல் மிக மோசமாகி, தசையைத் தளர்த்தும் மருந்தும் ஓடும் குழந்தைக்கு அதைத் தனியாக நம்பவே கூடாது. வலிப்பையும் அது அடக்காது. மயோகார்டைடிஸ், அதாவது இதயத் தசை அழற்சி, உள்ள குழந்தைக்கு, இதயத் துடிப்பு ஏற்கெனவே குறைவாக உள்ள குழந்தைக்கு ரொம்ப யோசிக்க வேண்டும்.

மானிட்டரில் துடிப்பு குறைகிறது என்றால் உடனே பயப்பட வேண்டியதில்லை. தூங்கும் குழந்தைக்குத் துடிப்பு குறையத்தான் செய்யும். ரத்த அழுத்தம் பாருங்கள், கை கால் சூடாக இருக்கிறதா பாருங்கள், யூரின் பாருங்கள். மூன்றும் சரி என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கவனித்துக்கொண்டிருக்கலாம். மூன்றில் ஒன்று தப்பினாலும் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ கேளுங்கள்.

குளோனிடினை இங்கே சொல்லாமல் விடக்கூடாது. அதே குடும்பம், பழைய மருந்து, ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக எந்த மெடிக்கல் ஷாப்பிலும் மலிவாகக் கிடைக்கும். இங்கிலாந்தில் குளோனிடினையும் மிடசோலாமையும் ஊசியாகக் கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு 2014-இல் வந்தது. போதிய குழந்தைகளைச் சேர்க்க முடியாமல் முன்கூட்டியே முடிந்தது, ஆனால் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு தூக்கம்தான் கிடைத்தது. டெக்ஸின் விலை இப்போது குறைந்திருக்கிறது, நிறைய இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கின்றன. இருந்தாலும் நாள்கணக்கில் ஓட்டும்போது பில்லில் தெரியும். மூக்குக் குழாய் வழியாகப் பால் தாங்கும் குழந்தைக்குக் குளோனிடினை அரைத்துக் கொடுத்து டெக்ஸைக் குறைப்பது எங்கள் யூனிட்டில் வழக்கமாகிவிட்டது. காசு இல்லாத குடும்பத்துக்கும் நல்ல மருந்து கிடைக்கிறது என்பதால் எனக்கு இந்த வழி ரொம்பப் பிடிக்கும்.

கெட்டமின் ஆஸ்துமா குழந்தைக்கு நல்ல துணை, மூச்சுக்குழாயை விரிக்கும். கடும் தொற்றால் உடம்பே பாதித்து (செப்சிஸ்) ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் குழந்தைக்கு டியூப் போடும்போது கைகொடுக்கும். எச்சில் அதிகம் சுரக்கும், சக்‌ஷன் அடிக்கடி வேண்டும். பெரிய குழந்தைகள் முழிக்கும்போது பயமுறுத்தும் கனவு காணலாம்.

புரோபோஃபால் குறுகிய நேரத்துக்கு மட்டும். 1992-இல் இங்கிலாந்திலிருந்து, சுவாசத் தொற்றுக்காக வென்டிலேட்டரில் இருந்த ஐந்து குழந்தைகள் இந்த மருந்து ஓடியபோது ரத்தத்தில் அமிலம் ஏறி, இதயம் செயலிழந்து இறந்ததைப் பற்றிய அறிக்கை வந்தது. அதன் பிறகுதான் உலகமே எச்சரிக்கையானது. இப்போதும் ஓட்டினால் கிலோவுக்கு மணிக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே, 48 மணி நேரத்துக்குள் என்பது வரம்பு. பால் போன்ற வெள்ளை மருந்து, கொழுப்பில் கரைத்தது, கிருமி வளர ஏற்ற இடம். டியூபிங்கை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

வெகுரோனியம், அட்ராகுரியம் இரண்டும் தூக்க மருந்தே இல்லை. தசையை அசையாமல் கட்டும், அவ்வளவுதான். மூளை முழித்திருக்கும். அவை ஓடும் குழந்தைக்குத் தூக்கமும் வலி நிவாரணமும் போதுமான அளவு ஓடுகிறதா என்று பார்ப்பது நர்ஸின் பொறுப்பு. சக்‌ஷன் போடும்போது துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறுகிறதா, கண்ணோரம் நீர் வழிகிறதா என்று பாருங்கள். கட்டிப்போட்ட உடம்புக்குள் முழித்துக்கொண்டிருக்கும் குழந்தையை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கும், அதனால் இதை எந்த வகுப்பிலும் நான் விடுவதில்லை. கில்லன் பாரே என்ற நரம்பு நோய் வந்த குழந்தையும் இப்படித்தான், ஆனால் நோயே கட்டிப்போட்டிருக்கும். கை கால் அசையாது, அறிவு தெளிவாக இருக்கும், நரம்பு வலி கடுமையாக இருக்கும். அவர்களுக்கு வேண்டியது வலி மருந்தும், கண் சிமிட்டிப் பதில் சொல்லும் வழியும். தூக்க மருந்து கொஞ்சம் போதும்.

பம்ப் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மிடசோலாமைப் பல யூனிட்டுகளில் கிலோவுக்கு நிமிடத்துக்கு மைக்ரோகிராம் என்று எழுதுகிறார்கள். ஃபென்டனிலும் டெக்ஸும் மணிக்கு. பத்து கிலோ குழந்தைக்கு மிடசோலாம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 1.2 மில்லிகிராம். அதே குழந்தைக்கு டெக்ஸ் கிலோவுக்கு மணிக்கு 0.5 மைக்ரோகிராம் என்றால் மணிக்கு 5 மைக்ரோகிராம்தான். நிமிடத்தையும் மணியையும் மாற்றினால் அறுபது மடங்கு தப்பு. மிடசோலாம் ஆம்பியூல் மில்லிக்கு 1 மில்லிகிராம், மில்லிக்கு 5 மில்லிகிராம் என்று இரண்டு வகையிலும் வருகிறது. மாலையில் ஸ்டோரிலிருந்து வந்த பெட்டி காலையில் இருந்ததாகவே இருக்கும் என்று நம்பக் கூடாது. இரண்டு பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே பம்ப் ஓட வேண்டும். தூக்க மருந்து ஓடும் லைனில் வேறு ஊசியைத் தள்ளாதீர்கள், லைனுக்குள் நிற்கும் மருந்து மொத்தமாக உள்ளே போய்விடும். டியூப் எடுத்த பிறகு அந்த லைனையே எடுத்துவிடுங்கள். ரத்தநாளத்தில் போட்ட கேனுலாவில் தங்கியிருந்த தசை மருந்து அடுத்த ஆன்டிபயாடிக்கோடு உள்ளே போனால், மெஷின் இல்லாத குழந்தைக்கு மூச்சு நின்றுவிடும்.

எவ்வளவு தூக்கம் வேண்டும்? இதை ரவுண்ட்ஸில் எண்ணாகச் சொல்ல வைக்க வேண்டும். நாங்கள் மைனஸ் 3 முதல் பிளஸ் 2 வரை போகும் எஸ்.பி.எஸ். அளவைப் பயன்படுத்துகிறோம். மைனஸ் 3 என்றால் எதற்கும் அசைவில்லை. மைனஸ் 1 என்றால் குரலுக்கோ மெல்லிய தொடுதலுக்கோ கண் திறக்கும். பூஜ்யம் என்றால் முழித்திருக்கிறது, சமாதானப்படுத்தினால் அடங்கும். பெரும்பாலான குழந்தைக்கு மைனஸ் 1 அல்லது பூஜ்யம் போதும். "நல்லா தூங்க வைங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போனால், ராத்திரி ஷிப்டில் இரண்டு பெட் பார்க்கும் ஒரு நர்ஸ் அதை மைனஸ் 3 என்றுதான் புரிந்துகொள்வாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு குழந்தை டியூபைப் பிடுங்கிவிட்டால் முதலில் கேள்வி கேட்கப்படுவது அவள்தான்.

அமெரிக்காவில் 31 குழந்தைகள் ஐ.சி.யு.க்களில் 2,449 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2015-இல் வந்தது. நர்ஸுகளே இலக்கு எண்ணைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கும் முறையைச் சோதித்தார்கள். வென்டிலேட்டர் நாட்கள் குறையவில்லை. ஆனால் குழந்தைகள் முழித்து அமைதியாக இருந்த நாட்கள் கூடின, மருந்து வகைகள் குறைந்தன. கூடவே வலியும் பதற்றமும் பதிவான நாட்களும் கூடின. இந்தக் கடைசிப் பகுதியைப் பலரும் தாண்டிப் போகிறார்கள். குறைவான மருந்து என்றால் பக்கத்தில் அதிக ஆள் வேண்டும். நர்ஸ் எண்ணிக்கையைக் கூட்டாமல் மருந்தை மட்டும் குறைக்கச் சொல்லும் நிர்வாகத்திடம் இந்த ஆய்வைக் காட்டிப் பேசுங்கள்.

தினமும் ஒருமுறை தூக்க மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா என்பதற்கும் ஒரே பதில் கிடையாது. இந்தியாவில் நடந்து 2012-இல் வந்த ஆய்வில் அப்படி நிறுத்திய குழந்தைகளுக்கு வென்டிலேட்டர் நாட்கள் குறைந்தன. நெதர்லாந்தில் 2016-இல் வந்த ஆய்வில், மருந்தை ஏற்கெனவே இலக்கு வைத்துக் கொடுத்த இடங்களில், நிறுத்தியதால் எந்தப் பயனும் தெரியவில்லை, நிறுத்திய குழுவில் இறப்புகள் அதிகமாக இருந்தன. அந்த இறப்புகளுக்குக் காரணம் நிறுத்தியதுதானா என்று தெளிவில்லை. இரண்டையும் சேர்த்து நான் படிப்பது இப்படி: அளவுக்கு மீறி ஓட்டுகிற யூனிட்டில் நிறுத்திப் பார்ப்பது நல்லது செய்யும், கவனமாக ஓட்டுகிற யூனிட்டில் அதற்குத் தேவையே குறைவு.

இனி அந்த மூன்றாம் நாள்.

வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து இரண்டு வயதுப் பெண் குழந்தை வந்தது. நிமோனியா, பல நாள் வென்டிலேட்டர், டியூப் எடுத்து அனுப்பியிருந்தார்கள். வந்த மறுநாள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வியர்வை, கை நடுக்கம், ஓயாத கொட்டாவி. தொட்டால் தூக்கிவாரிப் போட்டது. தூங்கவே இல்லை. புதிய தொற்று என்று கல்ச்சர் (கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்து ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். குழந்தையின் பாட்டி எங்களிடம் வந்து, "பயந்த கோளாறும்மா, தர்காவுல மந்திரிச்சா சரியாயிடும், கூட்டிட்டுப் போக விடுங்க" என்று அழுதார். பாட்டி பார்த்ததில் தப்பில்லை. குழந்தை நிஜமாகவே பயந்துதான் இருந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் வென்டிலேட்டர் நாட்கள், ஆன்டிபயாடிக் எல்லாம் இருந்தன. தூக்க மருந்து பற்றி ஒரு வரி இல்லை. போன் செய்து கேட்டபோதுதான் மிடசோலாமும் ஃபென்டனிலும் அத்தனை நாளும் ஓடி, டியூப் எடுத்த அன்றே இரண்டும் நின்றது தெரிந்தது.

அது மருந்தைத் திடீரென்று நிறுத்தியதால் வந்த பாதிப்பு. வாட்-ஒன் என்று ஒரு அளவுகோல் இருக்கிறது, 12-க்கு மதிப்பெண், 3 அல்லது அதற்கு மேல் என்றால் சந்தேகப்பட வேண்டும். அந்தக் குழந்தைக்கு அதைவிட நிறைய வந்தது. வாய்வழியாக, மிடசோலாம் குடும்பத்து லோராசெபமும் மார்ஃபினும் சின்ன அளவில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். மறுநாளே பாட்டி மடியில் தூங்கியது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை.

ஐந்து நாளுக்கு மேல் இந்த மருந்துகள் ஓடிய எந்தக் குழந்தைக்கும் இது வரலாம். திடீரென்று நிறுத்தாமல், பழகிய உடம்புக்கு நாளுக்கு 10 முதல் 20 சதவீதம் என்று குறைப்பது வழக்கம். இரண்டு மருந்து ஓடினால் ஒரே நாளில் இரண்டையும் குறைக்காமல் மாற்றி மாற்றி. டெக்ஸுக்கும் இது உண்டு. நாள்கணக்கில் ஓடியதைச் சட்டென்று நிறுத்தினால் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஏறும், குழந்தை பதறும். ஆகவே வேறு ஆஸ்பத்திரிக்கோ வார்டுக்கோ அனுப்பும்போது எந்த மருந்து, எத்தனை நாள், அதிகபட்ச அளவு, கடைசி டோஸ் எப்போது என்று நாலும் எழுதி அனுப்புங்கள்.

டெலிரியம் இதைவிடத் தந்திரமானது, ஏனென்றால் பல குழந்தைகளுக்கு அது அமைதியாக வரும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கட்டட வேலைக்கு பீகாரிலிருந்து வந்த குடும்பத்துப் பையன், ஏழு வயது, டெங்கு. மிடசோலாம் ஓடிக்கொண்டிருந்தது. முழித்திருந்தான், மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். "தொந்தரவே இல்லாத பையன்" என்று ஷிப்டுக்கு ஷிப்ட் சொல்லி ஒப்படைத்தார்கள். சி.ஏ.பி.டி. என்ற டெலிரியம் அளவுகோலில் போட்டுப் பார்த்தால் 9-ஐத் தாண்டியது, அதுதான் எச்சரிக்கை எல்லை. யாரையும் கண்ணில் பார்க்கவில்லை, யார் சொல்வதும் புரியவில்லை. எப்படிப் புரியும்? சுற்றி இருந்தவர்கள் தமிழும் மலையாளமும் பேசினோம். அவன் போடும் கண்ணாடி அப்பாவின் சட்டைப்பையில் வெளியே இருந்தது.

மிடசோலாமைக் குறைத்து டெக்ஸுக்கு மாற்றினார்கள். கண்ணாடியைப் போட்டுவிட்டோம். அம்மாவைப் பகலில் பக்கத்தில் உட்காரவிட்டோம், ராத்திரிக்கு அவள் போனில் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். விடிகாலை ஸ்பஞ்ச் பாத்தை எட்டு மணிக்குத் தள்ளினோம், ராத்திரி விளக்கைக் குறைத்தோம். சில நாட்களில் அம்மாவின் வளையலைப் பிடித்து இழுத்தான். எதனால் சரியானது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் மருந்தை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே விட்டிருந்தால் இவ்வளவு சீக்கிரம் வந்திருப்பான் என்று நான் நம்பவில்லை. பல நாடுகளின் ஐ.சி.யு.க்களைச் சேர்த்து 2017-இல் வந்த ஆய்வில், ஒரு நாளை எடுத்துப் பார்த்தால் ஐ.சி.யு.வில் இருக்கும் குழந்தைகளில் கிட்டத்தட்ட நாலில் ஒருவருக்கு டெலிரியம் இருந்தது. தேடினால்தான் தெரியும்.

பெற்றோருக்குச் சில வார்த்தைகள். "இத்தனை நாள் மயக்கத்துல வச்சிருக்கீங்களே, மூளைக்கு ஏதும் ஆகுமா?" என்று கேட்கத் தயங்காதீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். கூடவே இதையும் கேளுங்கள்: என்ன மருந்து ஓடுகிறது, இன்றைக்கு எந்த அளவு தூக்கம் வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறீர்கள், எப்போது குறைக்க ஆரம்பிப்பீர்கள்? குழந்தை வீட்டில் எப்படித் தூங்கும் என்பதை நர்ஸிடம் சொல்லுங்கள். விரல் சூப்புமா, எந்தப் போர்வை, எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவீர்கள், கண்ணாடியோ காது மெஷினோ உண்டா. உள்ளே விடும்போது கையைப் பிடித்துப் பேசுங்கள், தூக்கத்தில் இருந்தாலும் பேசுங்கள். டியூப் எடுத்த பிறகு உங்களை அடையாளம் தெரியாதது போல இருந்தாலோ, இல்லாததைப் பார்த்து அலறினாலோ உடனே சொல்லுங்கள். அது பெரும்பாலும் மருந்தாலும் நோயாலும் வருவது, பெரும்பாலும் சரியாகிவிடுவது.

வீட்டுக்குப் போகும்போது குறைக்கும் மருந்து கையில் இருந்தால், எந்தத் தேதியில் எவ்வளவு என்று தேதிவாரியாகத் தமிழில் எழுதி வாங்குங்கள். குளோனிடின், லோராசெபம் போன்ற மாத்திரைகளை உடைத்தோ கரைத்தோ கொடுக்கச் சொன்னால், எத்தனை மில்லி தண்ணீரில் கரைத்து எத்தனை மில்லி கொடுக்க வேண்டும் என்பதை நர்ஸ் முன்னாலேயே ஒருமுறை செய்து காட்டுங்கள். ஒரு டோஸ் வாந்தியில் போனால் மறுபடி கொடுக்கலாமா என்று கேட்டு அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை தீர்ந்துபோனாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம். தாளில் ஐ.சி.யு. போன் நம்பரையும் எழுதச் சொல்லுங்கள், ராத்திரி எந்த நேரமானாலும் கூப்பிடலாம்.